ஆகஸ்ட் மாதத்தில் கோஷியெனுக்குப் போனவன்

எங்கள் தொழிற்சாலையிலிருந்து இந்த ஆண்டும் இரண்டு பேர் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்களில் ஒரு தம்பி சென்ற வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணாச்சி, அங்க பேஸ்பால் மேட்ச் ஒண்ணு பாத்துரணும்னு ஆசையா இருக்கு, டிக்கெட்டு ஆன்லைன்லயே கிடைக்கும்லா?” என்று கேட்டார். அவர் போகப் போவது ஒசாகாவுக்கு, அதுவும் ஆகஸ்ட் மாதத்தில். எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில், அதே மாதத்தில், அதே ஆசையோடு தனியாகக் கிளம்பி நான் பட்ட பாட்டை இதுவரை வீட்டில்கூட முழுமையாகச் சொன்னதில்லை. செலவான தொகையைக் கேட்டால் என் மனைவி என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம். இனிமேல் போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வீடு பாளையங்கோட்டையில். புதிதாக வந்த இயந்திரம் ஒன்றைப் பழகிக்கொள்வதற்காக என்னை நான்கு வாரம் ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். போன இரண்டாவது வாரத்திலேயே அங்கே ‘ஓபோன்’ விடுமுறை வந்துவிட்டது. இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். நம் ஊரில் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கும் தாமிரபரணிப் படித்துறைகளுக்கும் கூட்டம் கிளம்புவதைப் போல, அங்கே எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தொழிற்சாலையை ஒன்பது நாள் மூடிவிட்டார்கள். விடுதியில் என் மாடியில் நான் ஒருவன்தான் மிச்சம். பேச ஆளில்லாமல் இரண்டு நாள் கழிந்தபோது, விடுமுறைக்குத் தன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எங்கள் ஜப்பானிய மேற்பார்வையாளர் உணவறையில் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. ஒசாகாக்காரர்கள் உயிரை விடுகிற பேஸ்பால் அணி ஹன்ஷின் டைகர்ஸ். 1985ஆம் ஆண்டு அது தன் லீக்கில் முதலிடம் பிடித்த பரபரப்பில், வறுத்த கோழிக்கடை வாசலில் நின்றிருந்த தாடிக்காரர் சிலையை ரசிகர்கள் தூக்கி தோத்தோன்போரிக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு நாட்டின் பட்டத்தையும் வென்ற அணிக்கு, அதன் பிறகு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. சிலையின் சாபம் என்று பேசிக்கொண்டார்கள். 2009இல் சிலையைச் சேற்றிலிருந்து எடுத்த பின்னும் பொறுத்திருந்து, 2023இல்தான் அடுத்த பட்டம் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! இப்படிப்பட்ட ரசிகர்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டங்களை வெயிலில் நின்று பார்த்தவன் நான். மட்டையும் பந்தும் இருக்கிற எந்த விளையாட்டும் எனக்குப் புரிந்துவிடும் என்ற தைரியம் வேறு.

முதல் தவறு டிக்கெட் வாங்கியதில் நடந்தது. டைகர்ஸ் ஆட்டங்களுக்கு டிக்கெட் எளிதில் கிடைக்காது. அணியின் சொந்த விற்பனைத் தளத்தில் தேடினால் நான் போகக்கூடிய நாட்களெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. மூலைக்கு மூலை இருக்கிற சிறுகடைகளில் டிக்கெட் எடுக்கும் இயந்திரம் உண்டு, ஆனால் அதன் திரையில் நான் படிக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ஓர் இடத்தில் உள்ளூர்க் கைபேசி எண்ணைக் கேட்டு அதோடு நின்றுவிட்டது. கடைசியில், கைமாற்றி விற்கும் ஓர் ஆங்கில இணையதளத்தில் ‘ஹன்ஷின் டைகர்ஸ், சொந்த ஊர் ஆட்டம், வெளிமைதான உற்சாகப் பகுதி’ என்று ஒரு டிக்கெட் இருந்ததைப் பார்த்ததும், சேவைக் கட்டணமும் சேர்த்து 11,400 யென் கட்டிவிட்டேன். நம் பணத்தில் ஏறத்தாழ 6,500 ரூபாய். இரண்டு நாளில் விடுதி வரவேற்பறைக்கு உறை வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த தாளில் எனக்குப் புரிந்தவை தேதியும், மாலை 6 மணி என்ற நேரமும், 2,600 யென் என்ற உண்மை விலையும்தான். நான்கு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதே வயிறு எரிந்தது. டிக்கெட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் வாணிபமாக விற்பதைத் தடுக்கிற சட்டம் ஒன்று ஜப்பானில் 2019 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதும், பெயர் பதிந்த டிக்கெட்டாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நான் உள்ளே போக முடிந்ததே அதிர்ஷ்டம். ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு உடன் வேலை பார்க்கிறவரையோ, விடுதி வரவேற்பறையில் இருப்பவரையோ வெட்கப்படாமல் கேளுங்கள். அந்தச் சிறுகடை இயந்திரம் அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. டைகர்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், அதே ஒசாகாவின் இன்னோர் அணியான ஓரிக்ஸ் பஃபலோஸ் விளையாடும் வாரநாள் ஆட்டங்களுக்கு அச்சிட்ட விலையிலேயே இடம் கிடைப்பது எளிது.

நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டம் பார்க்கப் போவதற்கு ஒரு மேலதிகாரியைத் தொந்தரவு செய்வதா என்ற கூச்சம் ஒன்று. நாமே சமாளித்துவிடுவோம் என்ற திமிர் இன்னொன்று. டைகர்ஸ் அணியின் சொந்த மைதானம் கோஷியென் என்று இணையத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. சொந்த ஊர் ஆட்டம் என்று டிக்கெட் விற்றவரும் சொல்லிவிட்டார். பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்? அன்று மதியம் மூன்று மணிக்கே ஒசாகாவின் உமேதா நிலையத்திலிருந்து ஹன்ஷின் ரயிலில் ஏறி, கோஷியென் நிலையத்தில் இறங்கினேன். கொடியேறிய பழைய சுவர்களோடு மைதானம் எதிரிலேயே நிற்கிறது. வெயிலைப் பற்றி நெல்லைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் அங்கே ஆகஸ்டில் அடிக்கிற புழுக்கம் வேறு ரகம்; சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு காயவே மறுத்தது. கூட்டம் அலைமோதியதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. கடையில் மஞ்சள் நிற டைகர்ஸ் சட்டை ஒன்றை 4,500 யென்னுக்கும், கழுத்தில் போடும் துண்டு ஒன்றை 1,600 யென்னுக்கும் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

உள்ளிருந்து பித்தளை ஊதுகுழல்களும் முரசும் கேட்டன. சீருடை அணிந்த பள்ளி மாணவிகள் வரிசையாகப் போனார்கள். தலையை ஒட்ட வெட்டிய பையன்கள் பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினார்கள். மஞ்சள் சட்டை போட்டவன் அந்தக் கூட்டத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஏதோ பள்ளிக்கூடக் கலைநிகழ்ச்சி நடக்கிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் நுழைவாயிலில் டிக்கெட்டை நீட்டினேன். அங்கிருந்த பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி போல வைத்துக்காட்டினார். அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. எனக்காக அவர்தான் வருத்தப்பட்டார். அந்தச் சைகைக்கு ‘இல்லை, கூடாது’ என்று பொருள் என்பதை அகராதி இல்லாமலேயே புரிந்துகொண்டேன். அவர் ஓர் இளைஞரை அழைக்க, அவர் தன் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிய வரியை இன்றும் மறக்கவில்லை: “புலிகள் இன்று இங்கே இல்லை.”

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் கோஷியென் மைதானத்தில் அகில ஜப்பான் உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் போட்டி நடக்கிறது. 1915இல் தொடங்கிய போட்டி அது. மைதானமே அந்தப் போட்டிக்காகத்தான் 1924இல் கட்டப்பட்டது. டைகர்ஸ் அணி பிறந்தது 1935இன் இறுதியில். ஆகவே அங்கே மூத்த உரிமை பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். நாடு முழுவதிலுமிருந்து 49 பள்ளிகள் வந்து ஏறத்தாழ இரண்டரை வாரம் விளையாடி முடிக்கும் வரை, தொழில்முறை அணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியூர் வெளியூராகச் சுற்றுகிறது. அந்தப் பயணத்துக்கு ‘மரணச் சாலை’ என்றே பட்டப்பெயர் உண்டு. இடையில் ‘சொந்த ஊர்’ ஆட்டம் ஏதாவது வந்தால் அதை ஒசாகா நகருக்குள் இருக்கும் கியோசெரா டோம் என்ற மூடிய அரங்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஒசாகாவில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அதனாலேயே யாரும் வெளியூர்க்காரனிடம் தனியாகச் சொல்வதில்லை. நம் ஊரில் ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரதவீதிகளில் பேருந்து போகாது என்பதை நாம் யாருக்காவது எழுதிவைத்திருக்கிறோமா? அன்று டவுனில் வந்து மாட்டிக்கொண்டு விழிக்கிற வெளியூர்க்காரரைப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். என் டிக்கெட்டில் ‘கியோசெரா டோம்’ என்று பெரிய எழுத்தில்தான் அச்சிட்டிருந்தது. எனக்குத்தான் அது எழுத்தாகத் தெரியவில்லை, கோடுகளாகத் தெரிந்தது.

டிக்கெட் கைக்கு வந்த உடனே மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை அதன் மேல் பிடித்து மைதானத்தின் பெயர், வாயில் எண், பகுதியின் பெயர் மூன்றையும் படித்துவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அந்தச் செயலி என் கைபேசியில் இருந்தது. உணவகத்தில் மீன் இருக்கிறதா என்று பார்க்க நாள்தோறும் மூன்று வேளையும் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். 11,400 யென் கொடுத்த தாளின் மேல் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

அந்த இளைஞர் ஒரு துண்டுத்தாளில் அமகசாகி, டோம்-மாயே என்று இரண்டு நிலையங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தார். அமகசாகியில் மாறி, நம்பா போகும் வண்டியில் ஏறினால் அரங்கத்தின் வாசலிலேயே இறங்கலாம். அரைமணி நேர வழி. ஆறு மணிக்குள் போய்விடலாம் என்று ஓடினேன். ஓடிய வேகத்தில் எதிர்ப்புற நடைமேடையில் வந்து நின்ற வண்டியில் ஏறிவிட்டேன். அது கோபே போகிற விரைவு வண்டி. அமகசாகி அமகசாகி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன், அஷியா என்ற நிலையத்தின் பலகையைப் பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டேன். இறங்கி எதிர் நடைமேடைக்குப் போய் நின்றபோது கைபேசியும் அணைந்துபோயிற்று. காலையிலிருந்து வரைபடம் பார்த்தும் படம் எடுத்தும் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. மஞ்சள் சட்டையும் மஞ்சள் துண்டுமாக, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், தெரியாத ஊர் ஒன்றின் ரயில் நிலையத்தில் நின்ற அந்த ஏழெட்டு நிமிடத்தில் எனக்கு அழுகை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தாறு. பணம் போனதைவிட, இத்தனை வயதுக்குப் பிறகும் ஒரு டிக்கெட்டைச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லையே என்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது. மின்னேற்றும் சிறு பெட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வதும், விடுதியின் பெயரையும் நிலையத்தையும் உள்ளூர் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் எவ்வளவு பெரிய தைரியம் தரும் என்பது கைபேசி செத்த பிறகுதான் தெரிகிறது. எனக்கு அன்று தெய்வமாக இருந்தது அந்த இளைஞர் எழுதிக்கொடுத்த துண்டுத்தாள். அதை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டினேன். ஒருவர் தன் வழியை விட்டுவிட்டு என்னை நடைமேடை வரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

அரங்கத்தை அடைந்தபோது மணி ஆறே முக்கால். வாயிலில் பையைத் திறந்து பார்த்தார்கள். தகர டப்பாவையும் கண்ணாடிப் புட்டியையும் உள்ளே விடமாட்டார்கள், எதிரணி வீரர் மேல் யாரும் எறிந்துவிடக் கூடாதே என்பதற்காக. ஆனால் பிடுங்கிப் போடுவதில்லை. நாம் கொண்டுபோன பானத்தை அவர்களே காகிதக் குவளையில் ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்து என் பகுதியின் நுழைவில் நின்ற பெண் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதே பெருக்கல் குறி. ஒரே நாளில் இரண்டாவது முறை. நான் வாங்கியிருந்த ‘உற்சாகப் பகுதி’ எதிரணியின் ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. அங்கே டைகர்ஸ் சட்டையோடு யாரும் உட்கார அனுமதி கிடையாது. வேறு வழியில்லாமல் 4,500 யென் சட்டையையும் 1,600 யென் துண்டையும் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, உள்ளே போட்டிருந்த பழைய நீலச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். அங்கே பெரும்பாலான அரங்குகளில் சொந்த அணியின் ஆட்கள் முதல் பேஸ் (அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் முனை) பக்கமும் வலது வெளிமைதானத்திலும், வந்த அணியின் ஆட்கள் மூன்றாம் பேஸ் பக்கமும் இடது வெளிமைதானத்திலும் உட்காருகிறார்கள். சில அணிகள் இதை மாற்றியும் வைத்திருக்கின்றன. எனவே படத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கூச்சலே வேண்டாம், ஆட்டத்தை நிதானமாகப் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு உள்மைதான இருக்கைகள்தான் ஏற்றவை. வெளிமைதான உற்சாகப் பகுதியில் சும்மா உட்கார்ந்திருப்பவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வந்திருந்த அணி தோக்கியோவின் யாகுல்ட் ஸ்வாலோஸ். அவர்கள் ரசிகர்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு: தங்கள் அணி ஓர் ஓட்டம் எடுத்துவிட்டால், குழந்தைகள் பிடிக்கிற அளவிலான சிறு குடைகளை விரித்து, எல்லோரும் ஒரே தாளத்தில் மேலும் கீழும் ஆட்டிப் பாடுகிறார்கள். கூரை போட்ட அரங்கத்துக்குள் குடை! நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர்கள் அணி ஓர் ஓட்டம் எடுக்க, என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான குடைகள் விரிந்தன. பக்கத்தில் இருந்த அம்மா, என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து இன்னொரு பச்சைக் குடையை எடுத்து நீட்டினார். பையில் டைகர்ஸ் சட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு எதிரணியின் குடையை ஆட்டிய குற்ற உணர்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் அன்று காலையிலிருந்து என்னிடம் முகம் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அந்த அம்மாதான். நான் ஆட்டினேன்.

ஆட்டம் புரிந்ததா என்றால், பாதிக்கு மேல் புரிந்தது. கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு வருகிற முதல் வழுக்கல், மட்டையில் பட்டு ஓரமாகப் பறக்கிற பந்து. ஒரு பந்து உயரமாகப் போய்ப் பார்வையாளர்கள் மேல் விழுந்ததும் சிக்ஸர் என்று எழுந்து கைதட்டினேன். சுற்றியிருந்தவர்கள் அமைதியாக இருந்தார்கள். இங்கே மட்டை பிடிப்பவரிடமிருந்து விரிந்து போகும் இரண்டு ஓரக்கோட்டுக்கும் வெளியே போகிற பந்து பிழைப்பந்து. ஓட்டம் கிடைப்பதற்குப் பதிலாக அடித்தவர் கணக்கில் ஒரு தவறாகத்தான் சேரும், அதுவும் இரண்டு தவறு வரைக்கும்தான். அந்தப் பந்து கூட்டத்தை நோக்கி வரும்போது ஊழியர்கள் விசில் ஊதுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பந்தைத் தேடுங்கள், கைபேசியை அல்ல; பந்து கல் போல இருக்கும். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அணி மாறும், இப்படி ஒன்பது சுற்று. சமநிலையானால் பன்னிரண்டாம் சுற்று வரை நீட்டி, அப்போதும் முடியாவிட்டால் சமன் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது அவர்களுடைய கூச்சலின் ஒழுங்கு. தங்கள் அணி மட்டை பிடிக்கும்போது மட்டும் எழுந்து நின்று, முரசும் ஊதுகுழலுமாக, ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனிப் பாட்டாகப் பாடித் தீர்க்கிறார்கள். எதிரணி மட்டை பிடிக்க வந்ததும் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கபடிப் பந்தயத்தில் இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுப் பழகிய எனக்கு, சத்தத்தைக்கூட முறை வைத்துப் போடலாம் என்பது புதிதாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம். அரங்கக் கடைகளில் நான் பார்த்த பலகாரங்களில் கோழியோ, பன்றியோ, ஆக்டோபஸ் துண்டோ இல்லாதவை உருளைக்கிழங்கு வறுவலும், உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா மொச்சையும்தான். மொச்சை நன்றாக இருந்தது. ஊர் நினைவு வந்தது. காலையில் வாங்கிப் பையில் வைத்திருந்த, உள்ளே புளித்த பிளம் வைத்த சோற்று உருண்டைகளை வாயிலில் யாரும் தடுக்கவில்லை. அவைதான் அன்று என்னைக் காப்பாற்றின. முதுகில் பீர் தொட்டியைச் சுமந்துகொண்டு படிக்கட்டுகளில் ஓடி ஓடி விற்கிற இளம்பெண்களைப் பார்த்தபோது, நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கூடையோடு ஓடும் வெள்ளரிக்காய் விற்கும் அம்மாக்கள் நினைவுக்கு வந்தார்கள்; முகத்தில் சிரிப்பு மாறாமல், மூச்சு வாங்குவதையும் காட்டிக்கொள்ளாமல் ஓடினார்கள்.

கடைசித் தவறு ஏழாம் சுற்று முடிந்தபோது நடந்தது. மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. கைபேசி இல்லை, ரயில் நேரம் தெரியாது, சாயங்காலம் தவறான வண்டியில் ஏறிய பயம் உடம்பைவிட்டு இறங்கவில்லை. டைகர்ஸ் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. குடையை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நிலையத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் அந்தப் பெரிய கூரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சுவர்களைத் தாண்டி வந்த அந்த முழக்கம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்தவர்களின் சத்தத்தைக் கேட்கத்தானே வந்தேன், அதைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். ஒசாகாவில் நகர ரயில்கள் நள்ளிரவு வரை ஓடுகின்றன. ஆட்டங்கள் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். போகும்போதே திரும்பும் வண்டியின் கடைசி நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் இறுதிவரை உட்கார்ந்திருக்கலாம்.

விடுதிக்கு வந்து கணக்குப் போட்டேன். டிக்கெட் 11,400, சட்டையும் துண்டும் 6,100, அலைந்த ரயில் கட்டணமும் சில்லறைச் செலவும் ஏறத்தாழ 1,500. ஆக 19,000 யென். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. டிக்கெட் விற்ற தளத்துக்கு, மைதானத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லையே என்று கடிதம் எழுதினேன். மைதானத்தின் பெயர் டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது, ஆகவே பணம் திரும்பக் கிடைக்காது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சொந்த ஊரில் இருந்த மேற்பார்வையாளருக்கு மனம் பொறுக்காமல் ஒரு செய்தி அனுப்பினேன். அவர் உடனே பதில் போட்டார்: “ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?” ஊரில் இருந்த என் நண்பன் தொலைபேசியில் சொன்னது இன்னும் சுருக்கென்று தைத்தது. “ஏல, வாசல் வரைக்கும் போயிருக்க, அந்தச் சின்னப் பயலுவ மேட்சையாவது பாத்துட்டு வந்திருக்கலாம்லா?”

அவன் சொன்னது முற்றிலும் சரி. அந்தப் பள்ளிப் போட்டியின் வெளிமைதானப் பகுதி 2017 வரை இலவசமாகவே இருந்தது. அதன் பிறகு கட்டணம் வைத்தாலும், நான் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆட்டமோ அன்று காலையிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு மணி நேரம் அந்த மதிலின் நிழலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அதை விட்டு ஓடியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அங்கிருந்தபடியே விடுதி வரவேற்பறைக்குப் பேசி, இரண்டு நாள் கழித்து ஒரு காலை ஆட்டத்துக்கு இடம் வாங்கிக் கொடுக்கச் செய்தார். கோஷியென் என்ற பெயரின் முதல் எழுத்தை எப்படி அடையாளம் காண்பது என்றும் எழுதி அனுப்பினார்: நான்கு கட்டமாகப் பிரித்த ஒரு பெட்டி, அதன் நடுக்கோடு மட்டும் கீழே வாலாக நீளும். இந்த முறை டிக்கெட்டில் அந்த வாலை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் விடுதியை விட்டு இறங்கினேன்.

மஞ்சள் சட்டையையே போட்டுக்கொண்டு போனேன்; யாரும் கையைப் பெருக்கல் குறியாக வைக்கவில்லை. தொப்பி, துண்டு, உப்பு மிட்டாய், இரண்டு புட்டித் தண்ணீர் என்று முன்னேற்பாடாகக் கொண்டுபோயிருந்தும், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காமல் அங்கே விற்கிற பனிக்கட்டிப் பை ஒன்றை வாங்கிப் பிடரியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஊதுகிறார்கள். இரண்டு அணியும் நடுவில் வரிசையாக நின்று ஒருவரையொருவர் குனிந்து வணங்குகிறார்கள். வென்ற பள்ளியின் பாட்டு முழுமையாக ஒலித்து முடியும் வரை மைதானம் முழுவதும் பொறுத்திருக்கிறது. அதன் பிறகு தோற்ற பையன்கள் தங்கள் இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தக் கருப்பு மண்ணை இரண்டு கையாலும் அள்ளிச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் அள்ள முடியாமல் அழுதுகொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவன் அவனுடைய பையையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தான். அவர்கள் எழுந்து போவதற்குள் அடுத்த இரண்டு பள்ளிகளும் உள்ளே வந்து பந்தெறிந்து பழகத் தொடங்கிவிட்டன. பிடரியில் வைத்திருந்த பனிக்கட்டி பாதி உருகியிருந்தது. உருகிய தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தையும் பார்த்துவிடுவது என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.